ஜிம் வாசலில் ஒரு படி
(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது)



நம் ஜிம்முக்கு மூன்றாவது டிரெட்மில் வாங்கலாமா என்பது இன்றைய அஜெண்டாவில் இருக்கிறது. முடிவெடுக்கும் முன் ஐந்து நிமிடம் கொடுங்கள்.

டிரெட்மில், சைக்கிள் எல்லாமே கால் நன்றாக வேலை செய்பவர்களுக்கானவை. என்னைப் போல் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு மிஞ்சுவது டம்பெல்தான். அது தசைக்கு நல்லது. ஆனால் இதயத்துக்கு, மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது இன்னும் அவசியம்.

அதற்கு ஒரு வழி வி.ஆர். ஹெட்செட். தலையில் மாட்டிக்கொண்டு, கைக்கு ஒரு கன்ட்ரோலர் பிடிக்க வேண்டும். 2018இல் வந்த 'பீட் சேபர்' விளையாட்டில், பாட்டின் தாளத்துக்கு ஏற்பக் கட்டைகள் பறந்து வரும். கையை வீசி வெட்ட வேண்டும். உட்கார்ந்தே ஆடலாம். குனிந்து தப்ப வேண்டிய சுவர்கள் வராமல் செய்துகொள்ளலாம். ஒரு கைதான் அசையும் என்றால் ஒரே வாளால் ஆடும் முறையும் உண்டு. நாலைந்து பாட்டில் வியர்த்துவிடும்.

கவனிக்க வேண்டியவையும் இருக்கின்றன. சிலருக்குத் தலை சுற்றும். வலிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. சக்கரம் தள்ளித் தள்ளித் தோள் ஏற்கெனவே களைத்திருக்கும். அதனால் பத்து நிமிடத்தில் தொடங்குவது நல்லது. பிரேக் போட்டிருக்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். விரலில் பிடிமானம் இல்லாதவர்களுக்குக் கன்ட்ரோலரைக் கையோடு பட்டை போட்டுக் கட்ட வேண்டும்.

இவ்வளவும் சொன்னேன். ஆனால் நாளைக்கே ஹெட்செட் வாங்கினாலும் என்னால் உள்ளே போக முடியாது. ஜிம் வாசலில் ஆறு அங்குலத்துக்கு ஒரு படி இருக்கிறது. சாய்தளத்துக்கான கணக்கு, ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். ஆறு அடி போதும். வாசலில் அந்த இடம் இருக்கிறது. மூட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் அது உதவும்.

ஆகவே என் கோரிக்கை: முதலில் சாய்தளம், அடுத்து ஹெட்செட், மிச்சம் இருந்தால் டிரெட்மில். மெயின்டனன்ஸ் எல்லோரும்தான் கட்டுகிறோம். இந்த வரிசையைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளுங்கள்.