அந்த அம்மா தண்ணீர் ஊற்றாமல் இருந்திருந்தால்?



1966. ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' சிறுகதை வந்தது. மழை கொட்டுகிற சாயங்காலம், கல்லூரி எதிரே பஸ்ஸுக்கு நிற்கிற ஏழை வீட்டுப் பெண், பக்கத்தில் வந்து நிற்கிற பெரிய கார். நடக்கக் கூடாதது நடந்து, அழுதுகொண்டே வீடு வந்து சேர்கிறாள். அம்மா என்ன செய்தாள்? தலையில் தண்ணீரைக் கொட்டினாள். நீ சுத்தமாகிவிட்டாய் என்றாள். பெண்ணின் வாயில் அப்போதும் கார்க்காரன் கொடுத்த சூயிங்கம்! அதையும் துப்பச் சொன்னாள். விழுங்கவும் முடியாமல் துப்பவும் தோன்றாமல் அவள் மென்றுகொண்டிருந்தாளே, அந்த ஒரு சூயிங்கம் போதும். பத்துப் பக்கம் வர்ணித்தாலும் வராது அந்தப் பதைப்பு.

தமிழ்நாடு இரண்டுபட்டது. பெற்ற தாய் இப்படியா செய்வாள் என்று கொதித்தார்கள். சிலர் தாங்களே பேனாவை எடுத்து, முடிவை மாற்றிக் கதை எழுதினார்கள். பெயர் வேண்டாம். சொன்னாலும் இந்த அரங்கில் பாதிப் பேருக்குத் தெரியாது. கைதட்டாதீர்கள், அவர்கள் பாவம்!

மஞ்சக்குப்பத்து ஜெயகாந்தன் யார்? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். கம்யூனிஸ்ட் கட்சி ஆபீசில் வளர்ந்தவர். ஜனசக்தி அச்சகத்தில் புரூப் பார்த்தவர். எதிராளிகளுக்கு அவர் நல்ல சூடு கொடுப்பார் என்று ரசிகர்கள் காத்திருந்தார்கள்.

கொடுத்தார். சூடு விழுந்தது ரசிகர்கள் முதுகில்!

தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்று தொடராக வந்து, 1970இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற நாவலானது. இங்கே அம்மா கனகம் தண்ணீர் ஊற்றவில்லை. அலறினாள். ஊர் கூடிவிட்டது. அண்ணன் கணேசன் அந்தப் பெண் கங்காவை வீட்டை விட்டுத் துரத்தினான். அடைக்கலம் கொடுத்துப் படிக்கவைத்தவர் வெங்கு மாமா. அந்தப் படிப்புக்கு அவர் என்ன வட்டி எதிர்பார்த்தார் என்பது நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும். வெளியே பெரிய மனிதர், உள்ளே? அடடா, வெங்கு மாமாவைப் பற்றி மட்டும் விடியவிடியப் பேசலாம். ஊருக்கு நாலு வெங்கு மாமா இருக்கிறார்கள். இருக்கட்டும்.

துணிச்சல் எங்கே என்றால், 'அக்னிப் பிரவேச'மே இந்த நாவலுக்குள் ஒரு பத்திரிகைக் கதையாக வருகிறது, ஆர்.கே.வி. என்கிற எழுத்தாளர் எழுதியதாக. அதைக் கங்கா படிக்கிறாள். கதைக்குள் இருப்பவள் தப்பித்துவிட்டாள், கையில் பத்திரிகை வைத்திருப்பவள் தப்பிக்கவில்லை. அம்மா கூச்சல் போட்டிருக்க வேண்டும் என்றவர்களுக்கு, இதோ போட்டாள், விளைவைப் பாருங்கள் என்கிறார் ஜெயகாந்தன். அம்மாவுக்குக் கைதட்டியவர்களிடம், அப்படிப்பட்ட அம்மா உங்கள் தெருவில் எத்தனை பேர் என்று கேட்கிறார். இரண்டு பக்கமும் வாயடைத்துப் போக வேண்டியதுதான்.

அதோடு விட்டாரா? அந்தக் கார்க்காரன் பிரபுவைக் கங்காவே தேடிக் கண்டுபிடித்துப் பழகுகிறாள்! பழிவாங்கவும் இல்லை, கல்யாணமும் இல்லை. வில்லனாக வரவேண்டியவன் அசட்டு மனிதனாக வருகிறான். கடைசியில் அவன் விலகிப் போக, அவள் குடிக்கத் தொடங்குகிறாள். இந்த முடிவை எந்தத் தொடர்கதை வாசகர் கேட்டிருப்பார்? முதல் கதையைவிட இதுதான் பெரிய தைரியம்.

1972இல் சாகித்திய அகாதெமி விருது. பீம்சிங் இயக்கிய படம், லட்சுமிக்குத் தேசிய விருது. திட்டியவர்களுக்கு என்ன கிடைத்தது? அதைக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள்.

இப்போதும் ஒரு கூட்டம் இருக்கிறது. அட்டையைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிடும். அவர்களுக்கும் சேர்த்தே ஒரு வேண்டுகோள். முதலில் கதையைப் படியுங்கள், பிறகு நாவலை. வீட்டுப் பெண்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். அண்ணன்மார்களும் மாமாக்களும் முதலில் படிக்கட்டும்.