வினையின் முதனிலை: தமிழும் அம்காரியமும்

(திருச்சிராப்பள்ளி, புத்தூரில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் 1934 முதல் 1943 வரை தமிழாசிரியராய்ப் பணியாற்றியது இத் திருச்சிராப்பள்ளியின் பிசப்பு ஈபர் உயர்நிலைப் பள்ளியில். அவர்தம் 'ஒப்பியன் மொழிநூல்' வெளிவந்ததும் அக்காலத்தில்தான்; ஆண்டு 1940. பிறமொழியோடு ஒப்பு நோக்கினாலன்றித் தன்மொழியின் இயல்பு தெற்றெனப் புலப்படாது என்னும் கருத்து அந்நூற் பெயரிலேயே அடங்கியுள்ளது. ஆதலின், புத்தூரில் நின்று எத்தியோப்பிய நாட்டு மொழியொன்றைப் பற்றிப் பேசுவது பொருந்தாச் செயலன்று.

அம்மொழியின் பெயர் அம்காரியம். அரபிக்கும் எபிரேயத்திற்கும் இனமான சேமியக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வினைகளுக்கு அடியாய் நிற்பவை பெரும்பாலும் மூன்று மெய்கள், உயிர் இல்லை. ச், ப், ர் என்னும் மூன்றும் சேர்ந்து 'உடைத்தல்' என்னும் கருத்தைத் தாங்கும். இடையே உயிர்கள் புகுந்தும், நடுமெய் இரட்டித்தும், முன்னும் பின்னும் ஒட்டுச் சேர்ந்துமே சொற்கள் பிறக்கும். 'சப்பர' என்றால் உடைத்தான். 'யிசப்ரால்' என்றால் உடைக்கிறான். 'சபாரி' என்றால் உடைப்பவன். 'தசப்பர' என்றால் உடைந்தது. (ஒலிப்பு ஏறத்தாழவே, அவ்வுயிர்கள் சிலவற்றிற்குத் தமிழில் எழுத்தில்லை.)

இவற்றின் அடியை மட்டும் தனித்துச் சொல்லுக என்றால் எவர் சொல்லுவார்? எழுதுவதும் எளிதன்று. அவ்வெழுத்துமுறையில் ஒவ்வொரு மெய்க்கும் உயிருக்கேற்ப ஏழு வடிவங்கள் உண்டு. தமிழின் உயிர்மெய் போன்றவை. ஆனால் புள்ளி பெற்ற தனிமெய்யென ஒன்று இல்லை. ஆறாம் வடிவமே சிலவிடத்து உயிரோடும் சிலவிடத்து உயிரின்றியும் ஒலிக்கப்படும். ஆதலின் அகரமுதலிகளில் 'அவன் உடைத்தான்' என்னும் இறந்தகால ஆண்பால் முற்றையே தலைச்சொல்லாய் வைப்பர். அடி என்பது இலக்கணி பிரித்துக் காட்டும் எலும்புக்கூடு. வாயில் வழங்கும் சொல்லன்று.

தமிழில் நிலை வேறு. 'வா', 'போ', 'உண்', 'நட' என்று தாய் குழவியை ஏவும் சொல்லே வினையின் முதனிலை. படியாதவரும் நாள்தோறும் முதனிலையையே பேசுகின்றனர். பவணந்தியார் நன்னூலில் 'நட' முதலாக இருபத்து மூன்று வாய்பாடுகளால் முதனிலைகளின் ஈறுகளை வகுத்துக் காட்டியதும் இவ்வேவல் வடிவைக் கொண்டேயாம்.

'உடை' என்பதையே கொள்க. உடைத்தான், உடைந்தது. அம்காரியர் தன்வினைக்குத் தகரவொட்டை முன்னே வைக்கின்றனர். தமிழர் முதனிலையைத் தொடாமல், இடைநிலைப் பக்கத்தில் தகரத்தையும் நகரத்தையும் மாற்றி வேறுபாட்டைக் காட்டுகின்றனர். உடைத்தல், உடைதல் என இரண்டனையும் அகரமுதலிகள் தனித்தனியே தருவது இதனாலேயே. வா என்பது வந்தான் எனக் குறுகுவது போன்ற திரிபுகள் உள்ளன. அவை சிலவே.

இதனால் அம்காரியம் தாழ்ந்தது என்று கருதற்க. மூன்று மெய்களைக் கொண்டு அத்துணைச் சொற்களை ஆக்கும் அமைப்பு வியத்தற்குரியது. இன்னொன்று: அம்காரியர் 'சிம் அல' என்பர், அமைதியாயிருந்தான் என்பது பொருள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'சிம்' என்றான் என்றாகும். தமிழில் 'கம்மென்றிருந்தான்' என்பதும், 'பளீரென்றது' என்பதும் இவ்வகையினவே. உடனே இரண்டும் ஓரினம் என்று குதிப்பார் உளர். ஒப்புமை வேறு, உறவு வேறு. ஒலியொப்புமை ஒன்றைக் கண்ட மட்டில் உறவு கொண்டாடுவது பாவாணர் உழைப்புக்குச் செய்யும் சிறப்பன்று.

இனித் தமிழின் முதனிலைகட்கு நேர்ந்துள்ள இடர். வடமொழி மேலோங்கிய காலத்தே யோசி, தியானி, இரட்சி, உபசரி என வினைகள் புகுந்தன. எண்ணு, கா, ஓம்பு ஆகியவை பின்னுக்குத் தள்ளப்பட்டன. அவ்வயற்சொற்களேனும் இகர ஈறு பெற்று, 'யோசித்தான்' எனத் தமிழ் இடைநிலை ஏற்றுத் தமிழ்வினை போல் நடந்தன. இன்று ஆங்கில வினைக்கு அதுவும் இல்லை. 'கால் பண்ணினான்', 'டிரைவ் பண்ணினான்', 'டெலீட் பண்ணினான்' என்று ஆங்கிலச் சொல் அசையாக் கல்லாய்க் கிடக்க, 'பண்ணு' ஒன்றே காலமும் இடமும் சுமக்கின்றது. பண்ணு தூய தமிழ்ச்சொல்லே, குற்றம் அதன்மேலதன்று. அழை, ஓட்டு, அழி ஆகிய மூன்று முதனிலைகள் அவ்வோரிடத்தில் வேலையிழந்தன என்பதே குற்றம்.

வீட்டுக்குள் சென்று பார்த்தால் இழப்பு இன்னும் தெளிவாய்த் தெரியும். தரையைப் பெருக்குவர், பின் ஈரத்துணியால் துடைப்பர். கையைக் கழுவுவர். ஏனத்தைத் துலக்குவர். அரிசியைக் களைவர். துணியை அலசுவர், உய்யக்கொண்டான் வாய்க்காற் கரையில் துணி துவைத்த முதிய பெண்டிரைக் கேட்டால், துவைத்தல் வேறு, கும்முதல் வேறு, அலசுதல் வேறு என்று வேறுபாடு சொல்லுவர். அவ்வத் தொழிலின் கையசைவே அவ்வச் சொல்லில் அடங்கியிருக்கின்றது. இவ்வத்தனைக்கும் இன்றைப் பிள்ளைகள் வாயில் வருவது 'க்ளீன் பண்ணு' ஒன்றே. அரிசி களைதலும் தரை துடைத்தலும் ஒரே சொல்லாயின!

பெயர்ச்சொல் கடனாய் வந்தால் ஒரு பொருளுக்கு இரு பெயர் இருந்து, பழையது என்றேனும் மீளக்கூடும். முதனிலை மறைந்தாலோ அதனினின்று பிறந்த தொழிற்பெயரும், எச்சமும், வினையாலணையும் பெயரும் உடன் மறையும். 'களை' வழக்கொழியின் களைந்து, களைந்த, களைதல், களைந்தநீர் யாவும் ஒழியும்.

எனவே இங்கு வந்துள்ள ஆசிரியர்கட்கு ஒரு வேண்டுகோள். பகுபத உறுப்பிலக்கணம் நடத்தும் நாளில் நூலில் உள்ள எடுத்துக்காட்டுகளோடு நில்லாமல், அன்று காலை வீட்டில் நடந்த தொழில்களை மாணாக்கரைச் சொல்லச் செய்க. 'பண்ணினாள்' என்று வரும் ஒவ்வோரிடத்திலும் நிறுத்தி, அம்மா கையால் என்ன செய்தார் என்று கேட்க. அச்செயலுக்குரிய முதனிலையைக் கரும்பலகையில் மாணாக்கரே எழுதுக. அதன்பின் இடைநிலையும் ஈறும் பிரிக்கலாம். வா, தா, சா, வே ஆகிய திரிபு வினைகள் அடுத்த திங்கட் கூட்டத்திற்கு எஞ்சியுள்ளன.