பிள்ளைகளும் பந்தயக் கைப்பந்தும்

(செங்கற்பட்டில் பேசியதன் சுருக்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்கு அற்பமாகத் தோன்றலாம். பந்து விளையாட்டுக்கு ஒரு பிரசங்கமா என்று கேட்பவர்களும் இங்கு இருப்பீர்கள். ஆனால் மாமல்லபுரம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கரையோரக் கிராமங்களிலும் இந்த நகரத்திலும் பிள்ளை பெற்றவர்கள் பலர் கேட்கிற கேள்வி இது. பள்ளிக்கூடத்தில் வாலிபால் என்கின்ற கைப்பந்தை நன்றாக ஆடும் பிள்ளையை ஜில்லாத் தேர்வுக்கும் அதற்கு மேற்பட்ட பந்தயங்களுக்கும் அனுப்புவதா, அல்லது சாயங்கால விளையாட்டோடு நிறுத்திவிடுவதா?

கரையோரத்துத் தோழர் ஒருவர் தம் பெண்ணைப் பற்றி என்னிடம் கேட்டார். வயது 14, ஒன்பதாம் வகுப்பு. என்னிடம் வருவதற்கு முன் அவர் ஒரு ஜோசியரைக் கேட்டிருக்கிறார். பெண்ணுக்கு இந்த வருஷம் பிரயாணம் ஆகாது என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். "ஐயா, அந்த ஜோசியர் பெண்ணை ஒரு தரமாவது குதிக்கச் சொல்லிப் பார்த்தாரா?" என்று கேட்டேன். இல்லையாம். அவள் ஆடுவதையாவது பார்த்திருக்கிறாரா என்றால் அதுவும் இல்லையாம். பின்னை எதைப் பார்த்துச் சொன்னார் என்றால், கட்டத்தைப் பார்த்துச் சொன்னாராம்! தோழர்களே, கைப்பந்துக்கும் ஒரு கட்டம் உண்டு. அதன் நீளம் 18 மீட்டர், அகலம் 9 மீட்டர். அந்தக் கட்டத்துக்குள் பெண் எப்படி நிற்கிறாள், எப்படிப் பந்தை வாங்குகிறாள் என்று பார்த்துச் சொல்லக் கூடியவர் அவளுடைய விளையாட்டு ஆசிரியரே ஒழிய சோழி உருட்டுகிறவர் அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே வீட்டில் அவளுக்கு இரண்டு வயது மூத்த பையன் இருக்கிறான். அவன் கிரிக்கெட் ஆடப் போனபோது ஒருவரும் ஜாதகத்தைத் தூக்கவில்லை. பெண் என்றவுடன் கிரகங்கள் எல்லாம் விழித்துக்கொள்ளுகின்றன. "வயசுக்கு வந்த பெண் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு குதிக்கலாமா? நாளைக்கு யார் கட்டிக்கொள்வான்?" என்று பாட்டிமார்கள் கேட்கிறார்கள். இதே செங்கற்பட்டில் 1929-ம் வருஷம் பிப்ரவரி மாதம் கூடிய மாகாண சுயமரியாதை மகாநாட்டில், பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்றும், தகுதியான எந்தத் தொழிலுக்கும் போக அவர்களுக்குத் தடை இருக்கக்கூடாது என்றும் தீர்மானம் செய்தார்கள். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் ஒரு பந்தைத் தொட உரிமை உண்டா என்று பேசிக்கொண்டிருப்பது நமக்கு வெட்கமாக இல்லையா?

இந்தப்படி நான் சொல்லுவதால், எல்லாப் பிள்ளைகளையும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிடுங்கள் என்று சொல்லுவதாக யாரும் எண்ணிவிடக்கூடாது. ஜோசியனை நம்புவது மூடத்தனம் என்றால், "உன் பிள்ளை இந்தியாவுக்கு ஆடும், வேலை தானாக வரும்" என்று சொல்லுகிறவனை நம்புவதும் அதே மூடத்தனந்தான். ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு பேர். களத்தில் நிற்பவர் ஆறு பேர். மாநிலம் முழுவதும் ஆடுகிற பிள்ளைகள் எத்தனை ஆயிரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நம் தேசம் 1962-ல் ஜாகர்த்தாவில் ஆசியப் போட்டியின் வெள்ளியும், 1986-ல் சியோலில் வெண்கலமும் வாங்கியது. ஒலிம்பிக்கில் கைப்பந்துக்கு இதுவரை ஒரு தரமும் தகுதி பெறவில்லை. கேரளத்து ஜிம்மி ஜார்ஜ் என்பவர் வைத்தியப் படிப்பை விட்டுவிட்டு 1976-ல் போலீஸ் உத்தியோகத்தில் சேர்ந்து, பிறகு இத்தாலி வரையில் போய் ஆடிப் புகழ் பெற்றார். வாஸ்தவம். ஆனால் அவர் ஒருவரைக் காட்டி, படிப்பை விடு என்று நூறு பிள்ளைகளிடம் சொல்லுகிறவன் லாட்டரிச் சீட்டு விற்கிறவனே ஆவான். அமெரிக்காவில் கார்ச் கிராய் என்பவர் 1984-லும் 1988-லும் உள்ளரங்கக் கைப்பந்திலும், 1996-ல் கடற்கரைக் கைப்பந்திலுமாக மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். அவர் உயிர்வேதியியலில் பட்டமும் வாங்கியவர் என்பதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லுவதில்லை.

அந்தக் கிராய்க்கு ஆறு வயதில் அவருடைய தகப்பனார்தான் கைப்பந்தைச் சொல்லிக்கொடுத்தார். அவர் முதல் பந்தயம் ஆடியதும் கடற்கரை மணலில்தான். இது நம் கரையோரத்தாருக்கு மிகவும் உபயோகமான சங்கதி. மணல் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு இரண்டே பேர். அதனால் பந்தை வாங்குவது, எடுத்துக் கொடுப்பது, அடிப்பது எல்லாவற்றையும் இருவருமே செய்தாக வேண்டும். பந்தயக் குழுவிலோ, உயரமான பிள்ளை என்றால் வலையோரம் நிறுத்தி, தடுக்கவும் அடிக்கவும் மாத்திரம் பழக்கிவிடுகிறார்கள். பதினாறு வயதில் மற்றவர்களும் உயர்ந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறொன்றும் தெரியாது. ஆகவே பயிற்சியாளரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கோப்பை எத்தனை வாங்கினீர்கள் என்பதல்ல. என் பிள்ளைக்கு எல்லா வேலையும் கற்றுக்கொடுப்பீர்களா என்பதுதான்.

சரீர சம்பந்தமாகவும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரே விளையாட்டில் முழுக்க இறங்குவதை 15, 16 வயது வரையிலாவது தள்ளிப்போடுவது நல்லது என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கத்தார் 2016-ல் சொன்னார்கள். வாரத்துக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ ஓய்வு வேண்டும். வருஷத்தில் ஒவ்வொரு மாதமாக மொத்தம் மூன்று மாதம் அந்த விளையாட்டை விட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். கைப்பந்தில் கணுக்கால் பிசகுவது சாதாரணம். குதித்துக் குதித்து முழங்கால் நோவதும், அடித்தடித்துத் தோள் நோவதும் உண்டு. நோவை மறைத்து ஆடுவது வீரமல்ல. "பல்லைக் கடித்துக்கொண்டு ஆடு" என்கிற பயிற்சியாளரிடம் பிள்ளையை விடாதீர்கள். பெண் பிள்ளையானால் ரத்தத்தையும் பரீட்சை செய்துவிடுங்கள். நம் நாட்டில் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ரத்தமில்லாத பெண் ஓடி மூச்சு வாங்கினால், "இவளுக்குச் சாமர்த்தியம் போதாது" என்று ஒதுக்கிவிடுவார்கள். குறை சாமர்த்தியத்தில் அல்ல, சாப்பாட்டில். இந்த ஊரிலேயே அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மீன் பிடிக்கிற வீட்டில் நல்ல மீன் எல்லாம் கூடையில் ஏறிச் சந்தைக்குப் போய்விட, பெண்ணுக்குக் குழம்பு மாத்திரம் மிஞ்சுகிற வழக்கத்தையும் நிறுத்துங்கள்.

பணத்தைப் பற்றி: கைப்பந்து ஏழைகளின் ஆட்டம். ஒரு பந்து, ஒரு வலை, கொஞ்சம் இடம் போதும். ஆனால் மேலே போகப் போக, பூட்ஸ், ரயில் சார்ஜ், முகாம் கட்டணம் என்று கேட்பார்கள். கடன் வாங்கி, தாலியை வைத்துக் கட்டணம் கட்டாதீர்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் தேர்வானால் தங்குமிடமும் சாப்பாடும் பயிற்சியும் சர்க்கார் செலவு, படிப்பும் நிற்காது. பெண்ணை அனுப்பும் முன் தாயார் ஒரு தரம் நேரில் போய், விடுதியில் பெண் காப்பாளர் உண்டா, வெளியூர்ப் பந்தயத்துக்குப் பெண் ஆசிரியை கூட வருவாரா, தப்பு நடந்தால் யாரிடம் சொல்லுவது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. கேட்டால் கோபிக்கிற இடமாயிருந்தால் அந்த இடமே வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முந்தி அந்தப் பெண்ணைக் கேளுங்கள். நான் மேலே சொன்ன தகப்பனார் ஜோசியரைக் கேட்டார், பாட்டியைக் கேட்டார், என்னையும் கேட்டார், ஆடுகிறவளைக் கேட்கவில்லை. அவள் போகிறேன் என்றால் ஒரு வருஷம் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம். பரீட்சை முடிந்ததும் அவளையும் கூட வைத்துக்கொண்டு மறுபடி யோசிக்கலாம். வேண்டாம் என்றால் வற்புறுத்தவும் கூடாது. பக்கத்து வீட்டுக்காரனுக்குக் காட்டுவதற்காகப் பிள்ளையை ஓட்டுவதும் ஒருவகை அடிமைத்தனமே.

கடைசியாகச் சான்றிதழ் விஷயம். அரசாங்க வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு உண்டு என்று கேள்விப்பட்டு, ஊரில் நடக்கும் கோப்பைக்கெல்லாம் காகிதம் வாங்கிச் சேர்க்கிறார்கள். எல்லாக் காகிதமும் செல்லாது. அங்கீகாரம் பெற்ற போட்டிதானா என்று ஜில்லா விளையாட்டு அலுவலரிடம் முன்னாலேயே கேட்டுக்கொண்டு, அப்புறம் பஸ் ஏறுங்கள்.