சிக்காசா மக்களின் குலப்பெருமை

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தத்தம் குலத்தின் பூர்வ சரித்திரத்தைக் கேட்பதில் யாவர்க்கும் விருப்பமுண்டு. இன்று யான் எடுத்துக்கொண்ட விஷயமோ நம் குலத்தைப் பற்றியதன்று. அமெரிக்காவின் ஆதிகுடிகளுள் ஒரு சாராராகிய சிக்காசா மக்களைப் பற்றியது. நாட்டையும் அரசையும் இழந்து, மொழியையும் இழக்குந் தறுவாயில் நின்ற ஒரு சிறு கூட்டத்தார், தம்மை இன்னாரென்று சொல்லிக்கொள்ளுதற்கு எதனைப் பற்றுக்கோடாகக் கொண்டனர் என்பது நாம் அறியத்தக்கதென்று கருதியே இதனைப் பேசத் துணிந்தேன்.

அவர்களுடைய ஆதிகதை இது: சிக்சா, சாட்டா என்னும் சகோதரர் இருவர் தம் சுற்றத்தாருடன் மேற்றிசையினின்றும் புறப்பட்டனர். ஒரு புனிதக் கம்பமே அவர்கட்கு வழிகாட்டி. இரவில் அதனை நட்டு வைப்பர். விடியலில் அது எத்திசை சாய்ந்திருக்கின்றதோ அத்திசை நோக்கி நடப்பர். வெண்ணிற நாயொன்று காவலாக உடன் சென்றது. மிசிசிப்பிப் பேராற்றைக் கடந்தபின் ஒருநாட் காலையில், கம்பம் நேராக நிற்கின்றதா சாய்ந்திருக்கின்றதா என்று சகோதரர்க்குள் கருத்து வேற்றுமை உண்டாயிற்று. சாட்டாவின் கூட்டம் அங்கேயே தங்கிற்று. அவர்களே சாக்டா மக்கள். சிக்சாவின் கூட்டம் மேலும் நடந்து, இந்நாளில் மிசிசிப்பி மாநிலத்தின் வடபாகம் எனப்படும் நாட்டில் குடியேறிற்று.

அவர்தம் வீரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. 1541-ஆம் ஆண்டில் டி சோட்டோ என்னும் ஸ்பானியத் தளபதி, சுமை தூக்க ஆட்கள் வேண்டுமென்று கேட்டபொழுது, அவர்கள் இரவிலே அவனது பாசறைக்குத் தீயிட்டு விடையளித்தனர். 1736-இல் வடக்கினின்றும் தெற்கினின்றும் படையெடுத்த பிரெஞ்சுக்காரரை அடுத்தடுத்து முறியடித்தனர். வெல்லப்படாதவர் என்று அவர்கள் தம்மைச் சொல்லிக்கொள்வது இதனாலேயாம்.

போரில் தோலாதவரைப் பத்திரங்கள் தோற்பித்தன. 1832-ஆம் ஆண்டுப் பொன்டடாக் உடன்படிக்கையினால் தாய்நாட்டை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 1837-இல், இப்பொழுது ஓக்லஹோமா எனப்படும் பிரதேசத்தில் வசிக்கும் உரிமைக்காகச் சாக்டா மக்களுக்கு 5,30,000 டாலர் கொடுக்க இசைந்தனர். பயணச் செலவும் அவர்களுடையதே. கம்பம் காட்டிய வழியே கடந்து வந்த ஆற்றை எதிர்த்திசையிற் கடந்து, பிரிந்த சகோதரனிடமே இடம் வாங்கிக் குடியேறினர்! 1856-இல் தமக்கெனத் தனி அரசியற் சட்டம் வகுத்து, டிஷோமிங்கோ நகரிலிருந்து ஆண்டனர். அங்கே கருங்கல்லாற் சட்டசபை மாளிகை எழுந்த 1898-ஆம் ஆண்டிலேயே, அவர்தம் நீதிமன்றங்களை ஒழிக்கும் சட்டத்தையும் அமெரிக்க அரசினர் இயற்றினர். பின்னர்ப் பல்லாண்டுகள் அவர்களுடைய கவர்னரை அமெரிக்க ஜனாதிபதியே நியமித்து வந்தார். தம் தலைவரைத் தாமே தெரிந்தெடுக்கும் உரிமை 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தினாற்றான் மீண்டது.

இவ்விடத்தில் ஒரு வழக்கைச் சொல்லாது விடுதல் இயலாது. சிக்காசாக்களிடையே குலம் தாய்வழியே வரும். மனைவியின் சொத்து மனைவிக்கே உரியது. பெட்ஸி ஆலன் என்னும் சிக்காசாப் பெண்ணின் கணவன் பட்ட கடனுக்காக, அவளுடைய சொத்தைக் கைப்பற்ற ஒருவர் வழக்கிட்டார். 1837-இல் மிசிசிப்பி மாநிலத்துத் தலைமை நீதிமன்றம், சிக்காசா வழக்கப்படி அது கணவனது சொத்தாகாது என்று தீர்ப்பளித்தது. விவாகமான பெண்டிர்க்குச் சொத்துரிமை அளிக்கும் சட்டத்தை அம்மாநிலம் 1839-இல் இயற்றியது. கேட்க எவ்வளவு பெருமையாக இருக்கின்றது! ஆனால் வழக்கிற்குட்பட்ட அச்சொத்து யாது தெரியுமா? ஓர் அடிமை, நம்மைப் போன்ற ஒரு மனிதன். சிக்காசாக்களிற் செல்வர் பலர் கறுப்பரை அடிமைகளாக வைத்திருந்தனர். புதிய நாட்டிற்கும் கொண்டு சென்றனர். 1866-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பிறகும், விடுதலை பெற்ற அம்மக்களைத் தம் குடிகளாக ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்தம் சந்ததியார்க்கு அந்தக் குறை இன்னும் தீர்ந்தபாடில்லை. தம் நிலத்தினின்றும் துரத்தப்பட்ட ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைத் தம் வாயிலில் நிறுத்தி வைத்தனர். குலப்பெருமை பேசும் மேடைகளில் இத்தகைய ஏடுகளைப் புரட்டாமல் விடுவது வழக்கம்; எனக்கு அது சம்மதமன்று.

இனி மொழிக்கு வருவோம். சிக்காசா தேசத்தாராகப் பதிவு பெற்றோர் 70,000-க்கு மேற்பட்டவர். அவர்களுள் முன்னோர் மொழியைத் தடையின்றிப் பேச வல்லவரோ மிகச் சிலர். பள்ளிக்கூடங்களில் ஆங்கிலமே பேசவேண்டுமென்று குழந்தைகளை வற்புறுத்தியதன் பலன் இது. கவர்னராயிருந்த ஓவர்டன் ஜேம்ஸ் என்பார் இந்நிலைமையைக் கண்டு, தம் தாயார் வின்னி மே ஹியூம்ஸ் அம்மையாரையும், அவர் மறுமணஞ் செய்துகொண்ட ஜெஸ்ஸி ஹியூம்ஸ் என்னும் பாதிரியாரையும் அகராதி தொகுக்குமாறு வேண்டினார். அது 1973-இல் வெளிவந்தது. பின்னும் விரிவானதோர் அகராதியைக் காதரின் வில்மண்ட் என்னும் சிக்காசா அம்மையாருடன் சேர்ந்து பமெலா மன்ரோ என்னும் மொழிநூற் புலவர் 1994-இல் வெளியிட்டார். 2002-இல் ஜான் ஹெரிங்டன் என்னும் சிக்காசா வீரர் விண்வெளிக்குச் சென்றபொழுது தம் தேசக்கொடியை உடன்கொண்டு போனார், அதுவும் கீர்த்தியே. எனினும் அடுப்பங்கரையிலும் திண்ணையிலும் வழங்கும் சொற்களை ஒவ்வொன்றாக எழுதிவைத்த அம்முதியோரின் உழைப்பே என் மனத்தில் மேலாக நிற்கின்றது.

எமிலி ஜான்ஸன் டிக்கர்ஸன் என்னும் மூதாட்டியார் தம் ஆயுள் முழுவதும் சிக்காசா மொழியொன்றையே பேசி, 93-ஆம் வயதில், 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி காலமானார். வேறு மொழி பேசாதவரில் அவரே கடைசியானவர். 2007-இல் ஏற்பட்ட மொழி மீட்புத் திட்டத்தின்கீழ், இளைஞர் ஒருவர் முதியவர் ஒருவரோடு உடனிருந்து, ஆங்கிலங் கலவாது பேசிப் பழகும் முறை கைக்கொள்ளப்பட்டது. அகராதியிற் காணும் சொல் வாய்க்கு வருவதற்கு அவர்கள் கண்ட வழி அதுவே.