ஜவ்வாது மலைக்குப் போகுமுன் ஒரு வேண்டுகோள்

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அடுத்த மாதம் நாம் ஜவ்வாது மலைக்குச் சுற்றுலா போகிறோம். பீமன் அருவியைப் பற்றிப் பலரும் கேட்டுவிட்டீர்கள். நான் பேச வந்தது வேறு இரண்டு இடங்களைப் பற்றி.

முதலாவது, ஜமுனாமரத்தூர் பக்கத்து மலைச்சரிவுகளில் நிற்கும் கல்திட்டைகள். பலகைக் கற்களைச் சுற்றிலும் நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாக வைத்திருப்பார்கள். மலை மக்கள் இவற்றை ‘வாலியர் வீடு’ என்கிறார்கள். இவை இறந்தவர்களுக்காகப் பெருங்கற்கால மக்கள் எழுப்பிய நினைவிடங்கள் என்கிறார்கள் தொல்லியலாளர்கள். இவற்றுக்கு வயது 2,000 ஆண்டுகளுக்கும் மேல்.

மலையடிவாரத்தில் உள்ள செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் ஏராளம். அவற்றில் எழுத்து இருக்கிறது. எடுத்தனூர் நடுகல் ஒன்று, சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன், மாண்ட தன் தலைவனைக் காத்து நின்ற நாயின் பெயரைக்கூடச் சொல்கிறது: கோவிவன். ஆனால் கல்திட்டையில் எழுத்து கிடையாது. கல் நிற்கும் திசை, அடியில் உள்ள மண், அதில் கிடக்கும் பானை ஓடு, இவைதான் அது சொல்லும் சேதி. ஒரு ஓட்டை நினைவுக்காகப் பையில் போட்டுக்கொண்டால், அந்தச் சேதியில் ஒரு வரி அழிந்தது என்று பொருள்.

இரண்டாவது, காவலூர் வானாய்வகம். விஞ்ஞானி வைணு பாப்பு இந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு முக்கியக் காரணம் இங்குள்ள இருட்டு. 1972-இல் இங்கே 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977-இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அதன் வளையங்களைக் கண்டறிய உதவிய பதிவு இங்கேயும் கிடைத்தது. இந்தியாவிலேயே உருவான 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டது. பாப்பு 1982-லேயே காலமாகிவிட்டதால் அதைப் பார்க்கவில்லை. இன்று தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் அவர் பெயர்தான். மங்கலான விண்மீனின் ஒளியோடு நம் விளக்கு வெளிச்சம் கலந்தால், எவ்வளவு பெரிய கண்ணாடி இருந்தும் பயனில்லை.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்:

கல்திட்டை மேல் ஏறிப் படம் எடுக்க வேண்டாம். பெயர் கிறுக்க வேண்டாம். கூழாங்கல் அளவு ஓடுகூட எடுக்க வேண்டாம். குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

காவலூரில் பார்வையாளர் நாளையும் நேரத்தையும் கேட்டு உறுதி செய்த பிறகே பேருந்து கிளம்பட்டும். அங்கே இருட்டிய பின் டார்ச், செல்போன் விளக்கு எதுவும் வேண்டாம். மேகம் இருந்தால் வானத்தில் ஒன்றும் தெரியாது, அதற்கும் தயாராக வாருங்கள்.

நகரத்து அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டி இருக்கும், காவலர் இருப்பார். மலைச்சரிவில் அந்தப் பாதுகாப்பு இல்லை. நாம் போய்வந்த பிறகு போகிறவர்களும் அதே கல்லையும் அதே இருட்டையும் பார்க்க வேண்டும்.