கோழிக்கே வெளிச்சம் போடுறோம், பிள்ளைக்கு?

(வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகள் பாடத்தைத் தள்ளிப்போடக் காரணம் பிள்ளைகளா, பெற்றோரா? ‘பெற்றோரே’ என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! பாதி தோற்றுப்போய் உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) சேலம், நாமக்கல் சீமையிலிருந்து திரண்டு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

பிள்ளைகளின் சோம்பேறித்தனமே காரணம் என்று எதிரணி அம்மையார் முழங்கிவிட்டுப் போனார். அம்மா, ஒரே ஒரு கேள்வி. கரண்ட் பில்லை நீங்க என்னைக்குக் கட்டுவீங்க? கடைசி நாள்! (சிரிப்பு, கைதட்டல்) கடைசி நாள்னு ஒண்ணு இருக்கறதாலதான் நாமே கட்டுறோம். அது கண்ணுக்கே தெரியாத படிப்பைப் பதினாறு வயசுப் பிள்ளை கையில குடுத்தா என்ன ஆகும்?

தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் ஒருமுறை பதிவு செய்தால் 5 வருஷம் செல்லும். 9 தடவை பரீட்சை எழுதலாம். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் 3 வருஷப் பட்டப்படிப்பை 6 வருஷத்துக்குள் முடிக்கலாம். வேலைக்குப் போறவங்களுக்கு அது வரப்பிரசாதம். வீட்டில் தனியா உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு? ‘இன்னும் நாள் இருக்கு!’

மருந்து நம்ம ஐ.ஐ.டி.காரங்ககிட்டயே இருக்குங்க. அவங்க நடத்துற என்.பி.டி.இ.எல். பாடத்தை நடுராத்திரியில்கூடப் பார்க்கலாம். ஆனா வாராவாரம் ஒரு பயிற்சி, அதுக்கொரு கடைசித் தேதி! 12 வாரப் பாடத்தில் நல்ல மார்க் வாங்கிய 8 பயிற்சிகளை எடுத்து 25 மார்க். மீதி 75 தேர்வு மையத்தில். அதாவது காய்ச்சல், கல்யாணம், காதுகுத்துன்னு நாலு வாரம் விட்டாலும் மன்னிப்பு உண்டு. அஞ்சாவது வாரம் கிடையாது! (சிரிப்பு)

நாமக்கல்லில் டெல்லிக்கு லோடு ஏத்துற டிரைவர் டெல்லியை நினைச்சா வண்டி எடுக்கறார்? முதல்ல பெங்களூர், அப்புறம் ஹைதராபாத், அப்புறம் நாக்பூர். 44-ம் நம்பர் ரோட்டைத் துண்டு துண்டாத்தான் தாண்டுறார். வருஷப் பாடத்தை வாரப் பாடமாக்கி, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோட உட்கார்ந்து காலண்டர்ல குறிக்கறதுக்கு என்ன செலவுங்க? அந்த நேரத்துல டி.வி.யை அணைச்சுட்டு, பக்கத்துல கணக்கு நோட்டோட நாமும் உட்கார்ந்தா குறைஞ்சா போயிடுவோம்? ‘முடிச்சியா?’ன்னு மிரட்டாம, ‘இன்னைக்கு என்ன படிச்சே, எனக்குச் சொல்லு’ன்னு கேட்டுப் பாருங்க.

ஏன் தெரியுமா? தள்ளிப்போடுற பிள்ளை சும்மா இல்லைங்க, பயந்துக்கிட்டு இருக்கு. ரெண்டு பாடம் பின்தங்கினதும் மூணாவதைத் திறக்கவே நடுங்கும். ‘படிச்சாச்சா கண்ணு?’, ‘ஆச்சும்மா.’ முதல் பொய் அன்னைக்குத்தான் பிறக்குது. போன பாடத்தைத் திரும்பப் படிக்கலாம். அந்தப் பொய்யால் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே விழுந்த பள்ளத்தை எந்தப் பல்கலைக்கழகம் நிரப்பும்? (பலத்த கைதட்டல்)

நம்ம ஊர்க் கோழிப்பண்ணையைப் பாருங்க. முட்டைக் கோழிக்கு ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வெளிச்சம் கொடுப்பாங்க. பகல் பத்தாது. அதுக்காகப் பண்ணைக்காரர், ‘பக்கத்துப் பண்ணைக் கோழியைப் பார்த்துக் கத்துக்கோ’ன்னா திட்டுறார்? (சிரிப்பு) பல்பைப் போடுறார்!

கோழிக்குச் செய்யற ஏற்பாட்டைப் பெத்த பிள்ளைக்குச் செய்யாம, பிள்ளை மேல பழி போடுறது நியாயமா? நல்ல தீர்ப்பை, தள்ளிப்போடாமல், இன்றைக்கே வழங்குங்கள் நடுவர் அவர்களே! (கைதட்டல்)