மனைக்கு அப்ரூவல் உண்டு, கண்மாய்க்குத் தண்ணி உண்டா?

(கண்மாய் ஆயக்கட்டு விவசாயிகள் கூட்டத்தில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

   

இந்தக் கூட்டம் எதுக்குன்னு ஊருக்கே தெரியும். கண்மாய்க்கு மேற்கே மேட்டுக்காட்டில் மஞ்சள் பெயிண்ட் அடித்த கல்லு வரிசையா நட்டுக் கிடக்கு. கலர் கலராக் கொடி பறக்குது. நாம கடலை போட்ட செம்மண் தரையில் முப்பதடிக்கு ரோடு. முகப்பில் ஒரு வளைவு, அதில் 'நகர்'னு முடியிற ஒரு பேரு. மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் போய்விட்டது. அனுமதி வந்துரும், அதுக்குப் பெறகு யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு டீக்கடையில் பேச்சு. அதைப் பத்தித்தான் நாம பேசணும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். வீடு கட்டுறதுக்கு நாம எதிரி இல்லை. மகனுக்குக் கல்யாணம் ஆனா தனியா வைக்க மூணு சென்ட் இடம் தேடுறவன் நம்ம ஆளுதான். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வெயிலில் காய்ந்து சேர்த்த காசை மனையில் போடுறதும் நம்ம வீட்டுப் பிள்ளைதான். நிலத்தை வித்தவரையும் யாரும் ஏச வேண்டாம். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடிச்சப்போ ஆலங்குடி, கறம்பக்குடி, அறந்தாங்கிப் பக்கம் தென்னை எப்படிச் சாஞ்சு கிடந்துச்சுன்னு கண்ணால பார்த்தோம். இருபது வருஷம் வளர்த்த மரம் ஒரே ராத்திரியில் போச்சு, கடன் மட்டும் நின்னுச்சு. அப்படி நிக்கிறவன் காட்டை விக்காம என்ன செய்வான்? நம்ம சண்டை வித்தவரோடும் இல்லை, வாங்குறவரோடும் இல்லை.

ஆனா ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பாருங்க. நாம ஏக்கரில் விக்கிறோம், அவங்க சதுர அடியில் விக்கிறாங்க. ஒரு ஏக்கர்னா 43,560 சதுர அடி. ரோடு, பூங்காவுக்கு விட்டது போக 25,000 சதுர அடி மனையா மிஞ்சுதுன்னு வச்சுக்குவோம். ஒரு பேச்சுக்குச் சதுர அடி 300 ரூபாய்னா 75 லட்சம். உங்க கைக்கு ஏக்கருக்கு என்ன வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், அதை மேடையில் நாங்க கேக்கலை. கல்லு, கிராவல், கொடி, ஞாயித்துக்கிழமை வேன், சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாச் செலவும் போனாலும் மிச்சம் எவ்வளவுன்னு கூட்டிக் கழிச்சுப் பாருங்க.

சரி, அனுமதி விஷயத்துக்கு வருவோம்.

முன்னெல்லாம் 'பஞ்சாயத்து அப்ரூவல்'னு ஒண்ணு சொல்லி வித்தாங்க. ஊராட்சித் தலைவர் முத்திரை ஒண்ணு இருக்கும், அதைக் காட்டி ஆயிரக்கணக்கில் மனை போச்சு. உண்மையில் மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரம் ஊராட்சிக்குத் தனியாக் கிடையாது. நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேணும். அது இல்லாம வித்த மனையெல்லாம் அங்கீகாரமில்லாத மனை. 2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர்நீதிமன்றம் இந்த மனைகளைப் பத்திரம் பதியக்கூடாதுன்னு தடை போட்டுச்சு. விளைநிலம் இப்படியே மனையாப் போனா சோத்துக்கு எங்க போறதுங்கிற கேள்விதான் அந்த வழக்கே. தடை வந்ததும் பதிவு ஆபீசு வாசல் வெறிச்சோடிப் போச்சு. 2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டு வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் வித்த மனைகளைக் கட்டணம் கட்டி வரன்முறை செய்துக்கலாம்னு வழி விட்டாங்க. கட்டணம் அதிகம்னு சத்தம் வந்ததும் அதே வருஷம் குறைச்சாங்க. காலக்கெடுவைப் பல தடவை நீட்டினாங்க. ஆனா அந்த விதியிலேயே ஒண்ணு இருக்கு, நல்லாக் கேட்டுக்கங்க: ஏரி, குளம், கால்வாய், வாய்க்காலில் கிடக்கிற மனையை எவ்வளவு பணம் கட்டினாலும் வரன்முறை செய்ய முடியாது.

இதெல்லாம் மனை வாங்குறவனுக்கு நல்லதுதான். ஏமாந்து போக மாட்டான். ரோடு அளவு பாப்பாங்க. இடம் 10,000 சதுர மீட்டருக்கு மேல, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல இருந்தா ரோடு போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்குன்னு தானப்பத்திரம் எழுதி வாங்குவாங்க. மனைப்பிரிவு 500 சதுர மீட்டரைத் தாண்டினா ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திலும் பதியணும். வாங்குறவனுக்கு இத்தனை காவல் இருக்கு. கீழே கண்மாயை நம்பி உழுறவனுக்கு என்ன காவல்? வரைபடத்தில் கண்மாயே இல்லையே! வரைபடம் அந்த மனைப்பிரிவு எல்லையோட முடிஞ்சு போகுது. நம்ம வயலு அதுக்கு வெளியில இருக்கு.

இப்ப தண்ணி எப்படி வருதுன்னு பார்ப்போம். உங்களுக்குத் தெரியாததை நாங்க சொல்லப் போறதில்லை. ஆனா அதிகாரிகளுக்குப் புரியிற மாதிரி நாம சொல்லப் பழகணும், அதுக்காகச் சொல்றோம். நம்ம புதுக்கோட்டைச் சீமையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய், குளம், ஏந்தல் இருக்கு. பெரும்பாலானதுக்கு ஆத்துத் தண்ணி கிடையாது. வானம் பாத்ததுதான். ஐப்பசி கார்த்திகையில் மேட்டுக்காட்டில் பெய்யிற மழை தரையோட தரையா வழிஞ்சு, ஓடையில் சேர்ந்து, வரத்து வாரி வழியா நம்ம கண்மாய்க்கு வருது. நம்ம கண்மாய் பெருகினா கலிங்கு தாண்டி அடுத்த ஊரு கண்மாய்க்குப் போகுது. சங்கிலி மாதிரி. ஒரு கண்ணி அறுந்தா கீழே உள்ள அத்தனை ஊரும் காயும். தூம்பு வச்சவன் பேரைக் கல்லுல வெட்டி வச்ச சீமை இது. அந்தக் காலத்து ஆளுக எவ்வளவு மதிச்சிருந்தா அப்படி வெட்டியிருப்பாங்க!

வாரி புறம்போக்காப் பதிவாகியிருந்தா புலப்படத்தில் கோடு இருக்கும். அதை அளந்து காட்டி நாம சண்டை போடலாம். ஆனா பாதித் தண்ணி கோடே இல்லாத இடத்தில்தான் வருது. பட்டாக் காட்டில் சரிவு பாத்து விரிஞ்சு வர்ற தண்ணிக்கு எந்தப் படத்திலும் இடம் இல்லை. கடலைக்காடா இருந்தவரைக்கும் வரப்பு வாமடையில் ஒதுங்கி அது பாட்டுக்கு வந்துச்சு. இப்ப அங்க ரெண்டடி உயரத்துக்குக் கிராவல் கொட்டி ரோடு. அது ரோடு இல்லீங்க, தண்ணிக்குக் கட்டின கரை! எங்கயாவது வாரி குறுக்கிட்டா பதினஞ்சு அடி அகல வாரிக்கு ஒரு சிமெண்டுக் குழாயை உருட்டிவிட்டு மேல மண்ணைப் போட்டு மூடிடுறாங்க. கேட்டா, 'தண்ணி போறதுக்கு வழி விட்டிருக்கோமே' என்கிறார்கள். பானையில் இருக்கிற கஞ்சியை ஊசி ஓட்டை வழியாக் குடிங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு. ஒரு வருஷம் சருகும் பிளாஸ்டிக்கும் அடைச்சா அதுவும் போச்சு.

இன்னொண்ணு. அங்க வீடு வந்து குடியேறின பெறகு நல்ல மழை பெய்யும். தண்ணி தன் பழைய வழியைத் தேடி வீட்டுக்குள்ள போகும். அப்ப அந்த மக்கள் நம்ம மேல கோபப்படுவாங்க. கலிங்கைக் குறை, கரையை வெட்டுன்னு மறியல் பண்ணுவாங்க. அவங்க கையில் அங்கீகாரம் பெற்ற மனைப் பத்திரம் இருக்கும். நம்ம கையில் என்ன இருக்கும்? 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் வேளச்சேரி, முடிச்சூர்ப் பக்கம் என்ன நடந்துச்சுன்னு டிவியில் பாத்தோம். ஏரியும் ஏரிக்கு வர்ற வழியும் வீடாப் போனதை அன்னைக்குப் படகில் போய்ப் பாத்தாங்க. ஆகவே, இந்தச் சண்டை அங்க குடிவரப் போறவங்களுக்கும் சேர்த்துத்தான்.

இப்போது 'தரிசு' விஷயம். இதை எல்லாரும், குறிப்பாத் தாய்மார்கள், கவனமாக் கேக்கணும். நஞ்சையை மனையா மாத்தணும்னா மாவட்ட ஆட்சியரிடம் போகணும், வேளாண்மை இணை இயக்குநர் பார்த்துக் கருத்துச் சொல்லணும். அங்க என்ன கேப்பாங்க? இந்த நிலத்தில் விவசாயம் நடக்குதான்னு கேப்பாங்க. அதுக்குச் சாட்சி அடங்கல். நாலைஞ்சு வருஷமா அடங்கலில் 'தரிசு' 'தரிசு'ன்னு எழுதியிருந்தா வேலை சுலபம். சில இடத்தில் நிலத்தை வாங்கி, வேணும்னே போட்டு வச்சு, கருவை முளைக்க விட்டு, 'பாருங்க, இது விளையாத நிலம்'னு காட்டுறாங்க. சுத்தி நாலு பக்கமும் நெல்லு நிக்கும், நடுவில் மட்டும் விளையாத நிலமாம்! அதனால ஒவ்வொரு பசலிக்கும், ஜூலை பிறந்ததிலிருந்து, உங்க வயலில் என்ன பயிர் நிக்குதோ அது அடங்கலில் ஏறியிருக்கான்னு கிராம நிர்வாக அலுவலரைக் கேளுங்க. நகல் வாங்கி வையுங்க. நகைக்கடன் ரசீதை எப்படிப் பத்திரமா வைப்பீங்களோ அப்படி வையுங்க.

பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் இருக்கே, அது காப்பாத்தாதான்னு தம்பி ஒருத்தர் கேட்டார். நல்ல கேள்வி. நெடுவாசலில் 2017-ல் மக்கள் மரத்தடியில் உட்கார்ந்ததும் ஊர் ஊராப் போராட்டம் நடந்ததும்தான் 2020-ல் அந்தச் சட்டத்தைக் கொண்டு வர வச்சது. நம்ம மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து ஒன்றியம் அதில் இருக்கு. ஆனா அது தடுக்கிற பட்டியலைப் படிச்சுப் பாருங்க. எண்ணெய் எரிவாயு எடுக்கிறது, துத்தநாக உருக்காலை, இரும்பு ஆலை, தோல் பதனிடும் ஆலை, கப்பல் உடைக்கிறது. மனைப்பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை! மணமேல்குடியில் வேணா கப்பல் உடைக்க வரலாம், கறம்பக்குடியில் யார் கப்பல் உடைக்கப் போறாங்க? நம்ம மண்ணைத் தினம் தினம் தின்னுறது மஞ்சள் கல்லு. மற்ற ஒன்றியங்களுக்கோ இந்தப் பேர்கூட இல்லை.

புதுக்கோட்டை நகராட்சி 2024-ல் சுத்தி உள்ள ஊராட்சிகளைச் சேர்த்து மாநகராட்சி ஆச்சு. நூறு நாள் வேலை போயிரும், வீட்டு வரி ஏறும்னு அப்பவே அந்த ஊர் மக்கள் எதிர்ப்புத் தெரிவிச்சாங்க. அதோட இன்னொண்ணும் போகுது: கிராம சபை. மாநகராட்சிக்குள் போன ஊருக்குக் கிராம சபை கிடையாது. நம்ம ஊரு இன்னும் வெளியே இருக்கு. ஆனா எல்லை பக்கத்தில் வந்துட்டதாலேயே மனை விலை ஏறுது, புரோக்கர் வண்டி வருது. கிராம சபை கையில் இருக்கும்போதே அதைப் பயன்படுத்தணும்.

காவிரி-வைகை-குண்டாறு கால்வாய்க்கு 2021 பிப்ரவரி 21-ல் நம்ம குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினாங்க. எத்தனை வருஷக் கனவு! வேலை நத்தை மாதிரி ஊருதுன்னு நமக்கும் வருத்தம்தான். ஆனா ஒரு நாள் அந்தத் தண்ணி வரும்போது அதை எங்க பிடிச்சு வைக்கிறது? வரத்து வாரியில் வீட்டு மனை, கண்மாய்க்குள்ள சாக்கடைன்னு இருந்தா, வெள்ளத் தண்ணி வந்து யாருக்கு என்ன பிரயோசனம்?

ஆகவே சங்கம் கேட்பது இதுதான். மேட்டுக்காட்டு மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் முன்னால் வருவாய்த்துறை, நீர்வளத்துறை, ஊராட்சி ஒன்றியம், நகர் ஊரமைப்புத் துறை நாலு பேரும் ஒரே நாளில், ஆயக்கட்டுக்காரர்களைக் கூட வச்சுக்கிட்டு, நிலத்தில் இறங்கிப் பாக்கணும். நாற்பது எக்டேருக்குக் குறைஞ்ச ஆயக்கட்டு உள்ள கண்மாய் ஒன்றியத்துக்கு, பெருசு நீர்வளத்துறைக்கு. இந்தப் பிரிவினையைச் சொல்லி ஒரு ஆபீசில் கேட்டா அடுத்த ஆபீசைக் காட்டுறது நமக்குப் பழகிப் போச்சு. அதான் நாலு பேரும் ஒண்ணா வரணும்கிறோம். மழை நாளில் வந்தா இன்னும் நல்லது, தண்ணியே வழி காட்டும். வாரியின் முழு அகலமும் திறந்து இருக்கணும், குழாய் வேண்டாம், பாலம் கட்டு. பூங்காவுக்கு விடுற பத்தில் ஒரு பங்கை எங்கயோ மூலையில் விடாம வாரிக்கரையை ஒட்டி விடு. இதையெல்லாம் செஞ்சும் தண்ணிக்கு வழி இல்லைன்னு தெரிஞ்சா அனுமதியை மறு.

நாம செய்ய வேண்டியதும் இருக்கு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோட மனு போட்டு, விண்ணப்பத்தோட கொடுத்த வரைபடத்தையும், யார் யார் தடையில்லாச் சான்று கொடுத்தாங்க என்கிறதையும் கேட்டிருக்கோம். முப்பது நாளில் பதில் வரணும். அடுத்த கிராம சபையில், தலைவர் இருந்தாலும் சரி, 2025 ஜனவரிக்குப் பெறகு வந்த மாதிரி தனி அலுவலர் இருந்தாலும் சரி, வாரியைப் பத்தின தீர்மானத்தை நோட்டில் எழுத வைக்கணும். எழுதுற வரைக்கும் யாரும் எந்திரிச்சுப் போகக்கூடாது.

வர்ற திங்கக்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். காலை எட்டு மணிக்கு மந்தையில் கூடுவோம். டிராக்டர் ரெண்டு சொல்லியாச்சு, பஸ்ஸில் வர்றவங்க பஸ்ஸில் வாங்க. வீட்டுக்கு ஒரு ஆள் கட்டாயம். பட்டா, அடங்கல் நகல் ரெண்டையும் மடிக்காம ஒரு பையில் போட்டு எடுத்து வாங்க. கீழக்கண்மாய்க்காரங்களுக்கும் சொல்லி அனுப்பியிருக்கோம், நம்ம கலிங்குத் தண்ணி அவங்க வயலுக்கும் போகுதுல்ல. வயசானவங்க, வாரி எங்க எங்க ஓடுச்சுன்னு கை நீட்டிக் காட்டத் தெரிஞ்சவங்க, அவசியம் வரணும். அவங்களை முன்னால உட்கார வைக்கிறோம்.